ஒரு ரெக்கார்டு கூட போடாத பேண்டுக்கு இவ்ளோ சண்டையா? ப்ரோட்டோ-பங்க்னா என்னன்னு புரிஞ்சுக்க ஒரு கிளீவ்லாந்து கதை

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பெட்ரோல் பங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. பள்ளிக்கூடத்துல பின்னாடி முடிய நீளமா விட்டுட்டு வந்தா "என்னடா ஃபங்க் வச்சிருக்கியா"ன்னு வாத்தியார் காத திருகுவாரே, அதுக்கும் இதுக்கும் கூட ரொம்ப தூரத்து சொந்தம்தான். நான் சொல்ல வந்தது பங்க் ராக். 1976, 77ல நியூயார்க்லயும் லண்டன்லயும் வெடிச்ச சமாச்சாரம். நியூயார்க் பேண்டு ரமோன்ஸோட மொத ஆல்பம் 1976 ஏப்ரல், லண்டன் பேண்டு செக்ஸ் பிஸ்டல்ஸோட மொத சிங்கிள், அதாவது ஒத்தப்பாட்டு ரெக்கார்டு, அதே வருஷம் நவம்பர். கிட்டார்ல மூணு கார்டு (chord) தெரிஞ்சா போதும், பாட்டு ரெண்டு ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சுடும், நல்லா பாடணும்னு அவசியமே இல்ல, ஆனா சொல்ல வர்றத மூஞ்சிக்கு நேரா சொல்லணும். பங்க்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு தோராயமா இவ்ளோ போதும்.

அப்போ ப்ரோட்டோ-பங்க்னா? அதுக்கு முன்னாடி வந்தது. கேக்க சுலபமாத்தான் இருக்கும், ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு வீட்ல ஒரே புள்ள இருக்கற வரைக்கும் அவன யாரும் "மூத்தவன்"னு கூப்பிடறதில்ல. ரெண்டாவது பொறந்த அன்னிக்குத்தான் அவனுக்கு அந்த பேரு வருது, அவன் எதுவுமே செய்யாம. ப்ரோட்டோ-பங்க் பேண்டுங்க கதையும் அதேதான். 1968லயோ 1974லயோ மேடையில நின்ன எவனும் "நாங்க ப்ரோட்டோ-பங்க்"னு சொல்லிக்கல, சொல்லியிருக்கவும் முடியாது. பங்க்னு ஒண்ணு வந்து பெருசா ஆனப்புறம், "இது எங்கேர்ந்துடா வந்துச்சு"ன்னு திரும்பிப் பாத்தவங்க வச்ச பேரு அது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. "பங்க் ராக்"ங்கற வார்த்தையே 76க்கு முன்னாடி இருந்துச்சு. 1971, 72 வாக்குல அமெரிக்க இசை விமர்சகர்கள் சிலர், அறுபதுகள்ல வீட்டு கராஜ்ல நின்னு கத்தின சின்னச் சின்ன பேண்டுகளுக்கு அந்த வார்த்தையப் போட்டு எழுதினாங்க. 1972ல நக்கெட்ஸ்னு ஒரு தொகுப்பு ஆல்பம் வந்துச்சு, அதோட குறிப்புலயும் லென்னி கேங்கறவர் அந்த வார்த்தைய போட்டிருந்தார், இவர்தான் பின்னாடி பாடகி பேட்டி ஸ்மித்துக்கு கிட்டார் வாசிச்சவர். ஆக வார்த்தை முன்னாடியே வந்துடுச்சு, ஆளுங்க பின்னாடி வந்து அத எடுத்துக்கிட்டாங்க. இத இங்கயே விட்டுடலாம், உள்ள போனா வெளிய வர முடியாது.

வழக்கமா இந்த லிஸ்ட்ல வர்ற பெரிய பேருங்க யாருன்னா நியூயார்க்கோட வெல்வெட் அண்டர்கிரவுண்ட், டெட்ராய்ட்லேர்ந்து எம்சி5, ஸ்டூஜஸ், மறுபடி நியூயார்க்லேர்ந்து நியூயார்க் டால்ஸ். எம்சி5 மொத ஆல்பத்தயே 1968 அக்டோபர் கடைசியில டெட்ராய்ட் கிராண்ட் பால்ரூம்ல மேடையில வாசிக்கறப்போ ரெக்கார்ட் பண்ணாங்க, அதுலயே தெரியும் இந்த ஆளுங்களுக்கு ஸ்டுடியோவ விட மேடைதான் முக்கியம்னு. கொஞ்சம் ஓரமா தேடினா இன்னும் சுவாரசியமான ஆளுங்க கிடைப்பாங்க. ஜெர்மனியில இருந்த அஞ்சு அமெரிக்க சிப்பாய்ங்க பட்டாளத்த விட்டு வெளிய வந்து உச்சந்தலைய சாமியார் மாதிரி வழிச்சுக்கிட்டு மங்க்ஸ்னு பேரு வச்சு 1966ல ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுல பேஞ்சோங்கற தந்தி வாத்தியத்த மின்சாரத்துல மாட்டி டொக்கு டொக்குன்னு அடிப்பாங்க. பெரு நாட்டு லிமாவுல லாஸ் சைக்கோஸ்னு ஒரு குரூப்பு 1965லயே ரயில்வே ஸ்டேஷன இடிப்போம்னு தொண்டை கிழிய ஒரு பாட்டு பாடியிருக்கு. டெட்ராய்ட்ல டெத்னு மூணு கறுப்பின அண்ணன் தம்பிங்க, பேர மாத்தினா ரெக்கார்டு போடலாம்னு சொன்னதுக்கு மாட்டேன்னுட்டு, 1975ல பதிவு பண்ணது 2009லதான் ஆல்பமா வெளிய வந்துச்சு.

இந்த கடைசி விஷயத்த கொஞ்சம் மனசுல வச்சுக்கங்க. 1975ல பதிவு, 2009ல ஆல்பம். நடுவுல 34 வருஷம். ப்ரோட்டோ-பங்க்ல நடக்கற முக்கால்வாசி சண்டை இந்த இடைவெளியிலேர்ந்துதான் வருது. ரெக்கார்டு போட்ட பேண்டுன்னா கையில ஒரு தட்டு இருக்கு, எல்லாரும் அதையே கேட்டுட்டு அத வச்சு பேசலாம். ரெக்கார்டே போடாத பேண்டுன்னா? எவனோ ஒருத்தன் ஏதோ ஒரு ராத்திரி ஓட விட்ட டேப்பு ஒண்ணு ரெண்டு, அவ்ளோதான் சாட்சி. அப்போ அந்த ஒரு கச்சேரி நல்லா இருந்துச்சா இல்லையாங்கற பேச்சு, அந்த பேண்டே நல்ல பேண்டாங்கற பேச்சா மாறிடுது.

இத பொதுவா சொல்லிட்டே போனா விளங்காது. நான் ரொம்ப நாளா தலையில தூக்கி வச்சு சுத்தற ஒரு பேண்ட எடுத்துக்கறேன், ராக்கெட் ஃப்ரம் தி டூம்ஸ். "கல்லறையிலேர்ந்து ராக்கெட்"னு அர்த்தம் வரும். பேரக் கேட்டாலே பழைய மட்டரக பேய்ப்படம் மாதிரி இருக்குல்ல, வேணும்னே வச்சதுதான், ஆரம்பத்துல அது பாதி காமெடி குரூப்பு.

ஊரு அமெரிக்காவோட ஒஹாயோ மாநிலத்துல ஈரி ஏரிக்கரையில இருக்கற கிளீவ்லாந்து. இரும்பு ஆலை, எஃகு ஆலை, தொழிற்சாலை ஊரு. 1950ல 9 லட்சத்துக்கு மேல ஜனம், 1980ல அஞ்சே முக்கால் லட்சத்துக்கும் கீழ வந்துடுச்சு, அப்படின்னா தெருவுக்கு எத்தன வீடு காலியா கெடந்திருக்கும்னு யோசிங்க. ஊருக்கு நடுவுல ஓடற கயஹோகா ஆத்துல எண்ணெயும் கழிவும் மிதந்து 1969 ஜூன் 22ஆம் தேதி ஆறே தீப்பிடிச்சுது. தண்ணி தீப்பிடிச்ச ஊருங்க அது! இதுல ஒரு வேடிக்கை, அந்த தீய பத்தி டைம் பத்திரிகையில வந்த பிரபலமான போட்டோ 1969 தீயே கிடையாது, 1952ல அதே ஆத்துல பிடிச்ச இன்னொரு தீ. தேதி மாறின சாட்சி. இதே மாதிரி ஒண்ணு கீழயும் வரும், அதுக்குத்தான் இத சொல்றேன்.

இந்த ஊருக்கு 1968, 69ல வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பலதடவ வந்து லா கேவ்ங்கற சின்ன கிளப்புல வாசிச்சிருக்காங்க. பெருசா கூட்டம் சேர்ற பேண்டு இல்ல அது அப்போ. ஆனா முன்னாடி நின்னு கேட்ட பொடிப்பசங்கள்ல ஒருத்தரு ஜேமி கிளிமெக், டேப் ரெக்கார்டரோட வந்து அத பதிவு பண்ணியிருக்கார். அவரு பின்னாடி மிரர்ஸ்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சார். இன்னொரு பக்கம் எலக்ட்ரிக் ஈல்ஸ்னு ஒரு குரூப்பு, மேடை ஏறினதே விரல் விட்டு எண்ணிடலாம், ஏறினா அடிதடிதான். மூணாவது நம்ம ராக்கெட். 1974 டிசம்பர்ல வைக்கிங் சலூன்ங்கற பார்ல இந்த மூணு பேண்டும் ஒரே ராத்திரியில வாசிச்சாங்க. அந்த ஊரு பார்ல எல்லாம் ரேடியோவுல ஓடற ஹிட் பாட்டத்தான் வாசிக்கணும், சொந்தப்பாட்டுன்னா "கெளம்புப்பா"ன்னுடுவாங்க. அதனால அந்த ராத்திரிக்கு ஒரு மதிப்பு.

இப்போ ஆளுங்கள பாப்போம். டேவிட் தாமஸ், பெரிய உருவம், ஆனா குரல் மட்டும் கீச்சுன்னு மேல போய் உடையும். உள்ளூர் பத்திரிகையில க்ரோக்கஸ் பெஹிமோத்ங்கற பேர்ல இசை பத்தி எழுதிட்டிருந்தவரு, வைக்கிங் சலூன் வாசல்ல பவுன்சராவும் நின்னிருக்கார். பீட்டர் லாஃப்னர், கிட்டார், பாட்டு எழுதறது, க்ரீம் பத்திரிகையில எழுதறதுன்னு எல்லாம் செஞ்சவர், வெல்வெட் அண்டர்கிரவுண்டோட லூ ரீடுன்னா உசிர விடுவார், குடியும் ஜாஸ்தி, 1977 ஜூன்ல 24 வயசுலயே கணையம் கெட்டுப்போய் செத்துட்டார். ஜீன் ஓ'கானர், பின்னாடி சீட்டா குரோம்னு பேரு வாங்கினவர், ஸ்டூஜஸ் மாதிரி இரும்பு கிட்டார். பேஸ் கிட்டார்ல க்ரெய்க் பெல், மிரர்ஸ்லேர்ந்து வந்தவர். டிரம்ஸ்ல ஜானி மடான்ஸ்கி, இவரு பின்னாடி ஜானி பிளிட்ஸ்.

இந்த கூட்டணி மொத்தமா ஒரு வருஷம் கூட முழுசா ஓடல. 1975 வெயில் காலத்தோட முடிஞ்சது. ரெக்கார்டு ஒண்ணு கூட வரல. அப்புறம் என்ன ஆச்சுன்னா பேண்டு நடுவுல பொளந்து ரெண்டாச்சு. தாமஸும் லாஃப்னரும் "பேர் உபு"ன்னு (Pere Ubu) ஒரு பேண்ட ஆரம்பிச்சாங்க. சீட்டாவும் பிளிட்ஸும் போய் டெட் பாய்ஸ் ஆனாங்க, நியூயார்க் போய் சிபிஜிபி கிளப்புல பட்டைய கெளப்பினாங்க. பாட்டையும் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, அண்ணன் தம்பி நிலத்த பிரிக்கற மாதிரி. "தர்ட்டி செகண்ட்ஸ் ஓவர் டோக்கியோ", "ஃபைனல் சொல்யூஷன்", "லைஃப் ஸ்டிங்க்ஸ்" எல்லாம் பேர் உபு பக்கம். "சோனிக் ரெட்யூசர்", "எய்ன்ட் இட் ஃபன்" டெட் பாய்ஸ் பக்கம். இதுல "எய்ன்ட் இட் ஃபன்" பாட்ட 1993ல கன்ஸ் அண்ட் ரோசஸ் எடுத்து பாடினாங்க, அப்போதான் உலகத்துல பல பேருக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கறதே தெரியும், அத எழுதினவங்கள்ல ஒருத்தரான லாஃப்னர் செத்து 16 வருஷம் ஆயிருந்துச்சு.

அப்போ மூலப் பேண்டோட சத்தம் எங்க இருக்கு? டேப்புல. 1975 பிப்ரவரியில அவங்க ரிகர்சல் பண்ற மாடி அறையில பதிவு பண்ணது ஒண்ணு, அது உள்ளூர் எஃப்எம் ஸ்டேஷன் டபிள்யூஎம்எம்எஸ்ல ஒலிபரப்பாச்சு. 1975 மே 5ஆம் தேதி அகோரா கிளப்புல மேடையில வாசிச்சது ஒண்ணு. ஜூலையில பிக்காடில்லி இன்ங்கற இடத்துல வாசிச்சது ஒண்ணு. இதெல்லாம் கள்ள டேப்பாவும் கள்ள ரெக்கார்டாவும் கை மாறி கை மாறி சுத்தி, கடைசியா 2002ல ஸ்மாக் வெயில்ங்கற லேபிள் ஒழுங்கா ஒரு சிடியா போட்டுச்சு. 27 வருஷம்.

இங்க டேப்பு காப்பியடிக்கறத பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா சண்டையில பாதி அதுலேர்ந்து வருது. நம்மூர்ல கேசட் ரெக்கார்டிங் சென்டர் இருந்தப்போ பாட்டு லிஸ்ட் எழுதி குடுத்து ஒரு டிடிகே கேசட்ல பதிஞ்சு வாங்கினவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். கடைக்காரர் கிட்ட இருக்கறதுலேர்ந்து எடுத்தா நல்லா இருக்கும், அத ஃப்ரெண்ட் வாங்கி அடிச்ச காப்பியில கொஞ்சம் புஸ்ஸுனு சத்தம் வரும், அந்த காப்பியோட காப்பியில பாடறவரு ரசம் குடிச்சிட்டே பாடற மாதிரி இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறும், டிரம்ஸ்ல இருக்கற சிம்பல்ஸ் தட்டோட பளிச் போய்டும். கிளீவ்லாந்து டேப்பும் அதே கதிதான். ஒருத்தரு மூணாவது தலைமுறை காப்பிய கேட்டுட்டு "என்னய்யா இது தகர டப்பா"ங்கறார், இன்னொருத்தரு 2002 சிடிய கேட்டுட்டு "இடி மாதிரி இருக்கு"ங்கறார், ரெண்டு பேரும் ஒரே ராத்திரிய பத்தித்தான் பேசறாங்க.

வேகம் இன்னொரு தலைவலி. டேப் மெஷின் ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ ஓடும். வேகம் 6 சதவீதம் ஏறினா சுருதி ஒரு செமிடோன் ஏறிடும், அதாவது ஆர்மோனியத்துல அரைக்கட்டை மேல. பாட்டும் வேகமாயிடும், கோவமா கேக்கும், "பாத்தியா, 1975லயே என்ன வேகம், இது பங்க் இல்லாம வேற என்ன"ன்னு ஒருத்தரு எழும்பிடுவார். அவரு ரசிச்சது பேண்டோட வேகமா மெஷினோட வேகமான்னு எப்படி கண்டுபிடிக்கறது? இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து கரண்ட்டோட "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் எப்பவும் வரும்ல, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல நல்லா கேக்கும். அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ் (நம்மூர்ல 50). அந்த ரீங்காரம் டேப்புல 60லயோ அதோட ரெட்டிப்பு 120லயோ இருந்தா டேப்பு சரியான வேகத்துல ஓடுது. 62ல இருந்தா மூணு சதவீதத்துக்கு மேல வேகமா ஓடுதுன்னு அர்த்தம். எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம், பாட்ட விட்டுட்டு பாட்டுக்கு நடுவுல வர்ற இரைச்சல வச்சு உண்மைய கண்டுபிடிக்கறது.

தேதியே தப்பா போறதும் நடக்கும். இதுக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஸ்டூஜஸ்தான். 1974 பிப்ரவரி 9, டெட்ராய்ட்ல மிச்சிகன் பேலஸ்னு ஒரு பழைய தியேட்டர், பேண்டு அப்போ உடையறதுக்கு முன்னாடி கடைசி கச்சேரி, பாடகர் இக்கி பாப் கூட்டத்த வம்புக்கிழுக்க, கூட்டம் முட்டை, ஐஸ்கட்டி, பாட்டில்னு கைக்கு கிடைச்சத எல்லாம் மேடைய பாத்து வீசினாங்க. அந்த டேப்ப பிரான்ஸ்ல ஸ்கைடாக்ங்கற லேபிள் 1976ல மெட்டாலிக் கேஓங்கற பேர்ல ஆல்பமா போட்டுச்சு. வருஷக்கணக்கா எல்லாரும் ரெண்டு பக்கமும் அந்த கடைசி ராத்திரிதான்னு நெனச்சு அழுது தீத்தாங்க, கடைசியில பாத்தா ஒரு பக்கம்தான் அது, இன்னொரு பக்கம் நாலு மாசம் முன்னாடி, 1973 அக்டோபர்ல, அதே தியேட்டர்ல வாசிச்ச வேற ஒரு கச்சேரி. ஆத்து தீ போட்டோ ஞாபகம் வருதா?

சரி, ராக்கெட் ரசிகர்கள் எதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க?

பெரிய சண்டை மாடி அறை டேப்பா, அகோரா மேடை டேப்பாங்கறது. மாடி கட்சிக்காரங்க சொல்றது, அங்க யாரும் பாக்கல, யாரையும் ஏமாத்த வேண்டியதில்ல, பாட்டு எப்படி எழுதப்பட்டுச்சோ அப்படியே இருக்கு, தப்பு வந்தாலும் அது அவங்க தப்பு. மேடை கட்சிக்காரங்க சொல்றது, ரிகர்சல்ல எல்லாரும் புலிதான், ஆள் முன்னாடி நின்னா என்ன ஆகுதுன்னு பாக்கணும்.

அகோராவுல முன்னாடி இருந்த ஆளுங்க யாருன்னு தெரிஞ்சா இந்த ரெண்டாவது வாதம் இன்னும் ருசிக்கும். அன்னிக்கு மெயின் பேண்டு அயர்ன் பட்டர்ஃபிளை. 1968ல பதினேழு நிமிஷத்துக்கு ஒரே பாட்ட இழுத்து ஆல்பத்தோட ஒரு பக்கம் முழுக்க ரொப்பின அதே பட்டர்ஃபிளை, 1975ல மறுபடி கூடி ஊர் ஊரா சுத்திட்டிருந்தாங்க. டிக்கெட் வாங்கினவன் அந்த பதினேழு நிமிஷத்துக்கு காத்திருக்கான், அவன் முன்னாடி ஒரு பெரிய ஆளு வந்து நின்னு கீச்சுக்குரல்ல வாழ்க்கை நாறுதுன்னு பாடறார். கல்யாண வீட்ல நாதஸ்வரத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் ஒப்பாரி பாடின கணக்கு. எனக்கு அகோரா டேப்பு பிடிக்கறதுக்கு காரணமே இதுதான், தனக்குன்னு வராத கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பேண்டு எப்படி நிக்குதுங்கறது.

அடுத்த சண்டை தாமஸோட குரல். இத பத்தி நடுநிலையா பேசற ஒருத்தர கூட நான் பாத்ததில்ல. ஒரு தடவ எங்க சித்தி பையனுக்கு "சோனிக் ரெட்யூசர்" போட்டு காட்டினேன், மொதல்ல டெட் பாய்ஸ் 1977ல போட்டது, அப்புறம் ராக்கெட்டோடது. மொத பாட்டுக்கு தலைய ஆட்டிட்டே இருந்தவன் ரெண்டாவதுல நிமிந்து உக்காந்து, "டேய் அண்ணா, இவருக்கு யாராச்சும் கால மிதிச்சிட்டாங்களா"ன்னு கேட்டான். சிரிச்சுட்டேன், ஆனா யோசிச்சா அவன் சரியாத்தான் சொன்னான். டெட் பாய்ஸ் பாடகர் ஸ்டிவ் பேட்டர்ஸ் அத பாடறப்போ ஒரு பொறுக்கி உன்ன முறைக்கற மாதிரி இருக்கும், உனக்கு அவன் மாதிரி ஆகணும்னு ஆசை வரும். தாமஸ் பாடறப்போ ஒரு ஆள் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும், அந்த வார்த்தைங்கள எழுதினதே தாமஸ்தாங்கறது அப்போதான் உறைக்கும். நான் யாருன்னு யாருக்கும் தெரியாது, எனக்கு யாரும் வேணாம்ங்கற மாதிரியான ஒரு புலம்பல் அது, மொறப்பான ஆளு பாடினா வீறாப்பு, மாட்டிக்கிட்ட ஆளு பாடினா நெசம். சித்தி பையன் இன்னிக்கு வரைக்கும் டெட் பாய்ஸ் கட்சிதான், பொங்கலுக்கு வந்தப்பவும் அதையே சொன்னான்.

மூணாவது, இது பங்க்கோட தாத்தாவா, இல்ல வெறும் சத்தமான ஹார்ட் ராக்கா? கறாரான ஆளுங்க சொல்றாங்க, பங்க்னா சின்ன பாட்டு, சோலோ (ஒருத்தர் மட்டும் தனியா வாசிச்சு காட்டறது) கிடையாது, இங்க என்னடான்னா கிட்டார் சோலோ நீளுது, "தர்ட்டி செகண்ட்ஸ் ஓவர் டோக்கியோ" ஆறு நிமிஷத்துக்கு மேல போகுது. உண்மைதான். அந்த பாட்டு ரெண்டாம் உலகப்போர்ல, 1942 ஏப்ரல் 18ஆம் தேதி, ஹார்னெட்ங்கற அமெரிக்க விமானந்தாங்கி கப்பல்லேர்ந்து 16 குண்டுவீச்சு விமானம் கெளம்பி டோக்கியோவுக்கு போனத பத்தினது, திரும்பி அதே கப்பல்ல எறங்க வழி கிடையாதுன்னு தெரிஞ்சே போனாங்க. பாட்டும் அப்படித்தான் போகுது, மெதுவா, இருட்டுல தட்டுத் தடவி நடக்கற மாதிரி ஆரம்பிச்சு, போகப்போக இரைச்சல் ஏறி, கடைசியில கிட்டார் எது இன்ஜின் எதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. இதுக்கு எந்த பெட்டியில எடம் குடுக்கறதுன்னு எனக்கும் தெரியல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, 1977க்கு பின்னாடி பங்க் தன்னோட வட்டத்துலேர்ந்து வெளிய வந்து விநோதமா மாறினப்போ அதுக்கு போஸ்ட்-பங்க்னு பேரு வச்சாங்க, பேர் உபுவ அதுல தூக்கி வச்சு கொண்டாடினாங்க. அந்த பாட்டு உபுவோட மொத சிங்கிளா 1975 டிசம்பர்லயே வந்துடுச்சு. பங்க் பொறக்கறதுக்கு முன்னாடி போஸ்ட்-பங்க். அந்த மாதிரி இடத்துல இந்த பேருங்க எல்லாம் பல்ல இளிச்சுடுது.

என் கட்சி என்னன்னு கேட்டா, மேடை. மாடி டேப்பு பாட்ட சொல்லுது, மேடை டேப்பு பேண்ட சொல்லுது. மேடை டேப்புல தெளிவா கேக்கறது மூணு பேரு மூணு பக்கம் இழுக்கறது. சீட்டாவுக்கு வேகமும் கனமும் வேணும். லாஃப்னருக்கு நியூயார்க் மாதிரி கவிதையா இருக்கணும். தாமஸுக்கு விநோதமா இருக்கணும். ஒரே பாட்டுல மூணும் ஒண்ணா ஓடறப்போ எப்போ வேணா வண்டி கவுந்துடும்னு தோணும், கவுந்தும் போச்சு. அந்த தள்ளாட்டத்த உபுகிட்டயும் கேக்க முடியாது, டெட் பாய்ஸ்கிட்டயும் கேக்க முடியாது, அவங்க ரெண்டு பேருமே தெளிவான பேண்டுங்க. நல்லா வாசிச்சாங்களான்னா, இல்ல, பல எடத்துல இல்ல. பாதி பாட்டுல டிரம்ஸ் ஓடிப்போய்டுது. அதுக்கு முட்டு குடுக்கற ரசிகர்கள பாத்தா எனக்கே சலிப்பா இருக்கும், தப்பு தப்புதான், அத "வேணும்னே செஞ்சாங்க"ன்னு சொல்லாதீங்கப்பா.

அவங்க வாசிச்ச அடுத்தவங்க பாட்டுல ஒண்ணு எனக்கு ரொம்ப சுவாரசியம். ஸ்டூஜஸோட "ரா பவர்", "சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்" எல்லாம் வாசிச்சாங்க, அது 1973 ஆல்பத்துல இருக்கு, யார் வேணா கேட்டு கத்துக்கலாம். ஆனா வெல்வெட் அண்டர்கிரவுண்டோட "ஃபாகி நோஷன்" வாசிச்சிருக்காங்க. அந்த பாட்டு 1969ல பதிவாகி கம்பெனி அலமாரியில தூங்கி, 1985லதான் முறையா வெளிய வந்துச்சு. அதாவது ரெக்கார்டே போடாத ஒரு பேண்டு, ரெக்கார்டுல வராத ஒரு பாட்ட, ரெக்கார்டுல வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடி மேடையில வாசிச்சிருக்கு. கிளீவ்லாந்து பசங்களுக்கு இசை கடை வழியா மட்டும் வரலங்கறதுக்கு இத விட என்ன வேணும்.

பிக்காடில்லி கச்சேரிக்கும் ஒரு முக்கியம் உண்டு. 1975 ஜூலையில நியூயார்க்லேர்ந்து டெலிவிஷன்ங்கற பேண்டு வந்து ரெண்டு ராத்திரி வாசிச்சுது, அவங்களும் அப்போ ஒரு ரெக்கார்டு போடல. அவங்கள கிளீவ்லாந்துக்கு இழுத்துட்டு வந்தது லாஃப்னர். முன்னாடி வாசிச்சது ராக்கெட். கொஞ்ச நாள்ல ராக்கெட் முடிஞ்சது. 2003ல மிச்சமிருந்தவங்க மறுபடி கூடினப்போ லாஃப்னர் எடத்துல கிட்டார் வாசிக்க வந்தது யாருன்னு நெனைக்கறீங்க? அதே டெலிவிஷனோட ரிச்சர்ட் லாய்ட். கதையில கூட இப்படி எழுதினா ஓவரா இருக்குன்னு அடிச்சுடுவாங்க. அந்த கூடல் கணக்குல வருமா வராதான்னும் ஒரு சண்டை இருக்கு, ஸ்டுடியோவுல நல்லா பதிவு பண்ணி ராக்கெட் ரெடக்ஸ்னு ஆல்பமும் வந்துச்சு. பெரும்பாலும் நாப்பது அம்பது வயசு ஆளுங்க, கை நல்லா பழகியிருக்கு, சுத்தமா வாசிக்கறாங்க. நான் ரெண்டு தடவ கேட்டேன், அப்புறம் பழைய டேப்புக்கே திரும்பிட்டேன். தாமஸும் 2025 ஏப்ரல்ல போய்ச் சேந்துட்டார்.

புதுசா கேக்கப்போறீங்கன்னா, நேரா அகோராவுக்குள்ள குதிக்காதீங்க, காது ஓடிப்போய்டும். மொதல்ல டெட் பாய்ஸோட "சோனிக் ரெட்யூசர்", அது பளிச்சுனு இருக்கும். அடுத்து பேர் உபுவோட "தர்ட்டி செகண்ட்ஸ்", ராத்திரியில, ஹெட்ஃபோன் போட்டு. அப்புறம் 2002 சிடியிலேர்ந்து அதே ரெண்டு பாட்டு. சவுண்ட கொஞ்சம் கம்மியா வச்சு ஆரம்பிச்சு, பாட்டு முடிஞ்ச ஒடனே அடுத்ததுக்கு தாவாம அப்படியே விடுங்க, கிட்டார் அடங்கினதுக்கு அப்புறம் கைதட்டல் வருதா, வந்தா எத்தன பேரு, அதுக்கு அடியில அந்த "ம்ம்ம்" கேக்குதான்னு பாருங்க.